சத்துணவுக்கூடத்தில் தீண்டாமை, டீக்கடையில் தனி டம்ளர்... எஸ்.சி. ஆணையம் என்ன செய்யும்? அதன் ஆண்டறிக்கை ஏன் முக்கியம்?

2018 ஜூலை. திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே உள்ள திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளி. அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த பெண், சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரில் ஒரு தரப்பு எதிர்த்தது. எதிர்த்தவர்களை விட்டுவிட்டு, அதிகாரிகள் அந்தப் பெண்ணையே இடமாற்றம் செய்தார்கள்! போராட்டம் வெடித்தது, இடமாற்றம் ரத்தானது. தேசிய எஸ்.சி. ஆணையம் தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது.

வழக்கு? 2025 நவம்பரில்தான் தீர்ப்பு. 6 பேருக்கு தலா 2 ஆண்டு சிறை. 7 வருஷம் ஆகியிருக்கிறது.

சரி, கோர்ட்டும் போலீசும் இருக்கும்போது ஆணையம் எதற்கு?

அரசமைப்புச் சட்டத்தின் 338-வது பிரிவுப்படி அமைந்தது தேசிய எஸ்.சி. ஆணையம். தமிழ்நாட்டுக்கென தனிச் சட்டத்தின் மூலம் 2021-ல் மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் வந்தது. புகாரை விசாரிக்கும்போது தேசிய ஆணையத்துக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. கலெக்டரோ, எஸ்.பி.யோ, சம்மன் வந்தால் ஆஜராகணும். கோப்புகளைக் கொண்டுவரச் சொல்லலாம். 'மேலிடத்தில் பேசிட்டு சொல்றோம்' என்று நழுவ முடியாது.

ஆனால் யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. பரிந்துரைதான் செய்யலாம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

அந்தப் பரிந்துரைக்குப் பல் கொடுப்பது ஆண்டறிக்கை. தேசிய ஆணையம் ஆண்டுதோறும் குடியரசுத் தலைவரிடம் அறிக்கை தர வேண்டும். அது நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்போது, எந்தப் பரிந்துரையை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்ற விளக்கத்தையும் அரசு கூடவே வைத்தாக வேண்டும். மாநிலம் சம்பந்தப்பட்ட பகுதி என்றால் ஆளுநர் வழியாக சட்டமன்றத்துக்கு வரும். அறிக்கை தாமதமானால் இந்தக் கேள்வி-பதிலும் தள்ளிப்போகும்; சூடு ஆறிய பிறகு யார் கேட்பார்கள்?

கோவையிலோ ஈரோட்டிலோ ஒருவருக்குப் பிரச்னை என்றால் முதலில் எங்கே போவது? போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை. 2018 திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கணும். சாதி பார்த்து டீக்கடையில் தனி டம்ளர் கொடுப்பது 1955-ம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம்.

போலீஸ் புகாரை வாங்கவில்லை, விசாரணை இழுக்கிறது, நிவாரணம் வரவில்லை... அப்போதுதான் ஆணையத்தின் கதவைத் தட்ட வேண்டும். புகார் மனுவில் தேதி, இடம், நடந்தது என்ன, எந்த அதிகாரியிடம் முறையிட்டோம் என்பது இருக்கணும். மனு ரசீது, எஃப்.ஐ.ஆர். நகல் இருந்தால் இணைத்துவிடுங்கள். கோர்ட்டில் நிலுவையில் உள்ள விஷயத்தில் ஆணையம் பொதுவாகத் தலையிடாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: கலெக்டர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். முதல்வர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது என்று ஆர்.டி.ஐ.யில் கேட்கலாம்.