நீலத் தொப்பியை யார் விசாரிப்பது?

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டார்: "எங்கயும் நியாயம் கிடைக்கலன்னா ஐ.நா. வரைக்கும் போகலாம்னு சொல்றீங்க. ஐ.நா.வோட ஆளே தப்பு பண்ணா எங்க போறது, அக்கா?" 2001இல் டர்பன் மாநாட்டுக்குச் சாதிப் பிரச்சினையைக் கொண்டுபோனவர்களின் கதையை அதற்குச் சற்று முன்புதான் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தோம். கையில் பதில் இல்லை. ஒரு மாதமாகப் படித்துப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். 'அமைதிப்படை' என்றதும் தமிழர்களுக்கு 1987தான் நினைவுக்கு வரும். அது இந்திய அரசு இலங்கைக்கு அனுப்பிய இந்திய ராணுவம், ஐ.நா. படை அல்ல. நாம் பேசப்போவது நீலத் தொப்பியும் வெள்ளை வண்டியுமாக வரும் ஐ.நா. அமைதிப்படையைப் பற்றி.

ஐ.நா.வுக்குச் சொந்தமாக ராணுவம் கிடையாது. உறுப்பு நாடுகள் வீரர்களை அனுப்புகின்றன. ஒரு வீரருக்கு மாதம் சுமார் 1,400 டாலர் வீதம் ஐ.நா. அந்தந்த அரசுகளுக்குத் தருகிறது. தலையில் இருக்கும் தொப்பி ஐ.நா.வுடையது, சீருடை சொந்த நாட்டுடையது. முடிச்சு இங்கேதான் விழுகிறது. வீரர் எந்த மண்ணில் குற்றம் செய்தாலும் அவரைக் குற்றவாளியாக விசாரிக்கும் அதிகாரம் அவரை அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே உண்டு என்று ஒப்பந்தம் சொல்கிறது. குற்றம் நடந்த ஊரின் காவல் நிலையத்தில் வழக்குப் பதிய முடியாது, அந்த நாட்டு நீதிபதியும் தொட முடியாது. ஐ.நா.வின் சிவிலியன் ஊழியர்களுக்கு 1946ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி வேறு வகையான சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அதைப் பொதுச்செயலாளர் விலக்கிக்கொள்ளலாம். வீரர்கள் விஷயத்தில் அவருக்கு அந்த அதிகாரமும் இல்லை. அவரால் முடிந்தது ஆளைத் திருப்பி அனுப்புவதும் இனிமேல் சேர்க்காமல் இருப்பதும்தான். நம் ஊரில் தப்பு செய்த அதிகாரியை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டு 'நடவடிக்கை எடுத்தாகிவிட்டது' என்பார்களே, ஏறக்குறைய அதுதான்.

இந்த முடிச்சு தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆனால் அது ஒரு பிரச்சினையாகப் பேசப்பட்டது 1990களில்தான். 1992இல் கம்போடியாவுக்கு 20,000க்கும் மேற்பட்டோர் கொண்ட பெரும் ஐ.நா. பணிக்குழு போனது. பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களின் எண்ணிக்கை அங்கே பெருகியது, சிறுமிகளும் அதில் இருந்தார்கள். பெண்கள் புகார் சொன்னபோது, பணிக்குழுத் தலைவர் யசுஷி அகாஷி, இளரத்த வீரர்கள் கொஞ்சம் குடிப்பதையும் பெண்களைத் தேடிப் போவதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டு அவருக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதன் பிறகு வந்த அறிவுரைகளில் ஒன்று: விடுதி வாசலில் ஐ.நா. வண்டியை நிறுத்தாதீர்கள். போகாதே என்று சொல்லவில்லை, வண்டியை வெளியே தெரிகிற மாதிரி விடாதே என்றார்கள்.

அடுத்தது போஸ்னியா. போர் முடிந்ததும் உள்ளூர் போலீசைச் சீர்படுத்த ஐ.நா. தலைமையில் பன்னாட்டுப் போலீஸ் குழு அங்கே வேலை செய்தது. அமெரிக்கா தன் போலீசாரை டைன்கார்ப் என்ற தனியார் நிறுவனம் வழியாக அனுப்பியது. 1999இல் அப்படிப் போனவர் நெப்ராஸ்காவைச் சேர்ந்த காவலர் கேத்ரின் போல்கோவாக். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்ட பெண்களை மீட்கப் போன இடங்களில், வாடிக்கையாளர்களிலும் கடத்தலுக்குத் துணை நின்றவர்களிலும் தன் சகப் பணியாளர்கள் இருப்பதைக் கண்டார். 2000இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட அதிகாரிகளுக்கு மின்னஞ்சலில் எழுதினார். முதலில் பதவி இறக்கினார்கள், 2001இல் வேலையை விட்டே நீக்கினார்கள். 2002இல் பிரிட்டனின் தொழிலாளர் தீர்ப்பாயம், உண்மையைச் சொன்னதற்காகத்தான் அவர் நீக்கப்பட்டார் என்று தீர்ப்பளித்தது. அவர் சுட்டிக்காட்டியவர்கள் மீது போஸ்னியாவில் வழக்கு நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. இந்தக் கதை 2010இல் திரைப்படமாக வந்தது. படத்தைப் பார்த்துக் கைதட்டிய பலருக்குச் சட்டம் மாறவில்லை என்பது தெரியாது.

எழுத்தில் விதி வந்தது 2003இல். அதற்கு முந்தைய ஆண்டில், கினி, லைபீரியா, சியரா லியோன் அகதி முகாம்களில் நிவாரணப் பொருளைக் காட்டிச் சிறுமிகளைப் பயன்படுத்திய உதவிப் பணியாளர்கள் பற்றிய ஆய்வு வெளியாகிப் பெரும் சலசலப்பை உண்டாக்கியிருந்தது. 2003 அக்டோபரில் பொதுச்செயலாளர் கோஃபி அன்னானின் சுற்றறிக்கை வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ள எவருடனும் பாலுறவு கூடாது, உள்ளூர்ச் சட்டம் வேறு வயது சொன்னாலும் சரி. பணம், வேலை, பொருள், உதவி எதற்கும் ஈடாகப் பாலுறவு கூடாது. தெளிவான வார்த்தைகள். ஆனால் இது ஐ.நா. ஊழியர்களைத்தான் நேராகக் கட்டுப்படுத்தியது. நாடுகள் அனுப்பும் படைப்பிரிவுகளை, அந்தந்த நாடு ஒப்புக்கொண்டால் தவிர, கட்டுப்படுத்தவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அந்தக் காகிதத்துக்கு வெளியே நின்றார்கள்.

2004இல் காங்கோவின் புனியா நகரத்திலிருந்து வந்த செய்தி அந்த ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது. முகாம் வேலிக்கு அந்தப் பக்கம் பசியோடு நின்ற சிறுமிகளிடம் இரண்டு முட்டைக்கும் சில டாலருக்கும் நடந்தவற்றை ஐ.நா.வின் உள் மேற்பார்வை அலுவலகமே பதிவு செய்தது. 72 புகார்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் சிறுமிகளால் வீரரை அடையாளம் காட்ட முடியவில்லை. ஜோர்டான் நாட்டுத் தூதர் இளவரசர் ஜெய்த் அல் ஹுசைனிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. அவரே போஸ்னியாவில் ஐ.நா. பணியில் இருந்தவர். 2005 மார்ச்சில் அவர் தந்த அறிக்கையை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். குற்றம் நடந்த நாட்டிலேயே ராணுவ நீதிமன்றம் கூட்டுங்கள், திறமையான விசாரணையாளர்களை அனுப்புங்கள், தந்தை யார் என்பதை மரபணுச் சோதனையால் உறுதி செய்யுங்கள், குற்றவாளியின் ஊதியத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்குக் கொடுங்கள் என்றார் அவர்.

அந்த ஆண்டே நியூயார்க் தலைமையகத்தில் 'நடத்தை மற்றும் ஒழுங்குப் பிரிவு' தொடங்கப்பட்டது. களத்தில் உள்ள பணிக்குழுக்களிலும் அதற்கான குழுக்கள் அமைந்தன. பயிற்சி கொடுப்பது, எந்த விடுதிக்குப் போகக்கூடாது என்று பட்டியல் போடுவது, புகார் வாங்குவது, அதைத் தரம் பிரித்து மேற்பார்வை அலுவலகத்துக்கு அனுப்புவது, நாட்டுக்குத் தெரிவிப்பது, பதில் வந்ததா என்று துரத்துவது எல்லாம் அவர்கள் வேலை. வீரர் மீதான புகார் என்றால் முதலில் அவருடைய நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தானே விசாரிக்கப்போவதாக அந்த நாடு சொன்னால் விசாரணை அதனிடம் போய்விடும். இந்தக் குழுக்களில் நேர்மையாக உழைத்தவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்தது ஒரு கோப்பு. சிறைக் கதவின் சாவி வேறு ஒரு தலைநகரில் இருந்தது.

அந்தச் சாவி என்ன ஆகும் என்பதை ஹைதி காட்டியது. இது நமக்குப் பக்கத்து வீட்டுக் கதையும்கூட. 2004இலிருந்து அங்கிருந்த ஐ.நா. படையில் இலங்கை ராணுவத்தின் சுமார் 950 பேர் கொண்ட பிரிவு ஒன்று இருந்தது. 2007 நவம்பரில் அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் 'ஒழுங்கு நடவடிக்கை'யாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மொத்தக் கணக்கு 114. செய்தி இரண்டு நாள் ஓடியது, பிறகு அடங்கிவிட்டது. அதே காலத்தில் அதே ராணுவம் வடக்கிலும் கிழக்கிலும் போர் நடத்திக்கொண்டிருந்தது. ஹைதிச் செய்தியைக் காதில் போட்டுக்கொள்ள அப்போது கொழும்பிலும் டெல்லியிலும் நியூயார்க்கிலும் ஆள் இல்லை.

பத்து ஆண்டு கழித்து, 2017 ஏப்ரலில், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஐ.நா.வின் உள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியது. ஒன்பது குழந்தைகள். 2004 முதல் 2007 வரை அவர்களைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கியவர்கள் குறைந்தது 134 பேர். சாப்பாட்டுக்கும் சில்லறைக் காசுக்கும் குழந்தைகள் கைமாறியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பப்பட்ட 114 பேரில் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை என்பதையும் அந்தச் செய்தி சொன்னது. 2007க்குப் பிறகும் ஐ.நா. இலங்கை வீரர்களைப் பெற்றுக்கொண்டுதான் இருந்தது. இறுதிப் போரில் மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுக்கு உள்ளானவரை 2019இல் ராணுவத் தளபதியாக நியமித்தபோதுதான், தவிர்க்க முடியாத இடங்கள் தவிர இலங்கை ராணுவத்தினரைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்துவதாக ஐ.நா. அறிவித்தது. அதற்கும் ஹைதிக் குழந்தைகள் காரணம் அல்ல.

ஜெய்த் கேட்ட கள நீதிமன்றம் நடக்கவே இல்லையா என்றால், நடந்தது. 2012இல் ஹைதியின் கோனாயிவ் நகரில் 14 வயதுச் சிறுவனைச் சீரழித்த வழக்கில் பாகிஸ்தான் காவல் அணியைச் சேர்ந்த இருவரை அந்நாட்டு ராணுவத் தீர்ப்பாயம் ஹைதியிலேயே விசாரித்தது. தண்டனை ஓராண்டுச் சிறை. ஹைதி மக்கள் தங்கள் நீதிமன்றத்தில் விசாரிக்கக் கேட்டிருந்தார்கள்.

இனி 2014, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு. இங்கே குற்றம் சாட்டப்பட்டவர்களில் முக்கியமானவர்கள் ஐ.நா. படையினர் அல்ல, ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதலோடு அங்கிருந்த பிரெஞ்சு வீரர்கள். பாங்கி விமான நிலையத்துக்குப் பக்கத்து முகாமில் இருந்த ஆறு சிறுவர்களிடம் ஐ.நா. மனித உரிமைப் பணியாளரும் யுனிசெஃப் பணியாளரும் பேசிக் குறிப்பெடுத்தார்கள். சிறுவர்களுக்கு வயது 9 முதல் 13 வரை. குறிப்பு ஜெனிவாவுக்கு வந்தது. மூத்த அதிகாரி ஆண்டர்ஸ் கொம்பாஸ் அதை பிரெஞ்சு அரசிடம் கொடுத்தார்; அவர்கள் விசாரிக்கட்டும் என்று. 2015இல் அவரையே பணியிடை நீக்கம் செய்தார்கள். குழந்தைகளின் பெயரை மறைக்காமல் கொடுத்துவிட்டார் என்பது காரணம். அப்போது மனித உரிமை ஆணையர் யார் தெரியுமா? பத்து ஆண்டுக்கு முன் அந்த நல்ல அறிக்கையை எழுதிய அதே ஜெய்த் அல் ஹுசைன். இதைப் படித்தபோது எங்கள் வட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அவர் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நாற்காலி ஆளை என்ன செய்கிறது என்று யோசிப்பதுதான் நமக்குப் பயன்படும், நாளைக்கு நம்மில் சிலரும் ஏதாவது ஒரு நிறுவன நாற்காலியில் உட்காரப் போகிறோம்.

தீர்ப்பாயம் கொம்பாசின் பணியிடை நீக்கத்தை நிறுத்தியது. கனடாவின் முன்னாள் நீதிபதி மரி டெஷாம் தலைமையிலான தனிக்குழு 2015 டிசம்பரில், நிறுவனம் முழுவதுமே தவறியது என்று கடுமையாக எழுதியது. கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்ததே ஒழிய, குழந்தைகளின் பாதுகாப்புக்கு யாரும் ஓடவில்லை. கொம்பாஸ் மீது தவறில்லை என்றும் ஆனது. ஆனால் 2016இல் அவர் மனம் வெறுத்து விலகினார். பிரான்சில் நடந்த விசாரணை 2018இல் எவர் மீதும் வழக்கில்லாமல் முடிந்தது.

இந்த அலையில்தான் 2016 மார்ச்சில் பாதுகாப்பு அவையின் 2272ஆம் தீர்மானம் வந்தது. ஒரு படைப்பிரிவில் பாலியல் சுரண்டல் பரவலாகவோ திட்டமிட்ட வகையிலோ நடந்ததற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இருந்தால் பிரிவையே திருப்பி அனுப்பலாம். எகிப்து மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஒரு சிலர் குற்றத்துக்கு மொத்தப் பிரிவையும் அனுப்புவதா என்று சில நாடுகள் கேட்டன. எங்களுக்குள்ளும் ஒரு தோழர் அதையே கேட்டார். நாங்கள் அவரோடு உடன்படவில்லை. சக வீரர் வேலிக்கு வெளியே போவதைப் பிரிவில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள், மேலதிகாரி பார்க்கிறார். தனக்கும் நட்டம் என்று தெரிந்தால்தான் வாய் திறப்பார்கள். 2021இல் மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து காபோன் நாட்டுப் பிரிவு சுமார் 450 பேர் இப்படி அனுப்பப்பட்டார்கள். அதற்குப் பிறகு தண்டனை என்ன என்பதை முடிவு செய்யவேண்டியது காபோன்தான். முடிச்சு அவிழவில்லை, கொஞ்சம் இறுக்கம் குறைந்தது.

பெண்களை அதிகம் சேர்த்தால் சரியாகிவிடும் என்ற பேச்சும் உண்டு. 2007இல் இந்தியா லைபீரியாவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட சி.ஆர்.பி.எஃப். அணியை அனுப்பியது, ஐ.நா. வரலாற்றில் முழுவதும் பெண்களாலான முதல் காவல் அணி அதுதான். லைபீரியப் பெண்கள் போலீசில் சேர அது ஊக்கம் தந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பெருமைப்படலாம். ஆனால் ஆண்களை ஒழுங்காக வைத்திருக்கும் வேலையையும் பெண்கள் தலையில் கட்டுவது எங்களுக்கு ஒப்பவில்லை.

மாணவியின் கேள்விக்கு வருவோம். 'எங்க போறது?' ஹைதியில் அந்தக் கேள்விக்கு ஒரு உருவம் உண்டு. 2017இல் சுமார் 2,500 ஹைதி மக்களிடம் ஆய்வாளர்கள் பேசியபோது, கேட்காமலேயே 265 பேர் அமைதிப்படையினருக்குப் பிறந்த குழந்தைகளைப் பற்றிச் சொன்னார்கள். படையின் சுருக்கப் பெயர் மினுஸ்டா. ஊரார் அந்தக் குழந்தைகளை 'குட்டி மினுஸ்டா' என்று கூப்பிடுகிறார்கள். ஜீவனாம்சம் கேட்க வேண்டுமானால் தாய் அந்த வீரரின் பெயரையும் நாட்டையும் சொல்ல வேண்டும், மரபணு மாதிரி தர அந்த நாடு ஒத்துக்கொள்ள வேண்டும், பிறகு அந்த நாட்டுச் சட்டப்படி உரிமை கேட்க வேண்டும். வேறு கண்டத்தில், வேறு மொழியில். அந்தப் படை 2017 அக்டோபரில் ஹைதியிலிருந்து கிளம்பிப் போய்விட்டது. குழந்தைகளில் மூத்தவர்கள் இப்போது கல்லூரிக்குப் போகிற வயதில் இருக்கிறார்கள்.