ஏதென்ஸ் கொள்ளைநோயும் என் பேத்தியின் விளையாட்டும்



பதிவு கொஞ்சம் நீளம். ஒன்பதாம் வகுப்பில் என் வரலாறு பீரியடில் தூங்கியவர்கள் இப்போதும் தூங்கலாம். வருகைப் பதிவேடு எல்லாம் கிடையாது.

ஒரு மாதமாக ஏன் சார் எதுவும் எழுதவில்லை, உடம்பு சரியில்லையா என்று சிலர் இன்பாக்ஸில் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். சரியாகச் சொன்னால் விளையாடியது கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தப் பக்கம் போ, அந்தக் கோவில் யாருடையது பார்" என்று வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். "தாத்தா, நீங்க பேசாம இருந்தா நான் இன்னும் நல்லா ஆடுவேன்" என்று நாளைக்கு நாலு தடவை திட்டு வாங்கினேன்.

விளையாட்டின் பெயர் அசாசின்ஸ் க்ரீட் ஒடிஸி. யூபிசாஃப்ட் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. இதை ஓபன் வேர்ல்டு வகை என்கிறார்கள். கதை என்று ஒன்று இருக்கும், ஆனால் அதையே பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. திருவிழாவில் கைவிட்டுப்போன பிள்ளை மாதிரி எங்கு வேண்டுமானாலும் திரியலாம். மலை ஏறலாம், கப்பலில் தீவு தீவாகப் போகலாம். காலம் கி.மு. 431. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பெலபொனீசியப் போர் தொடங்கிய ஆண்டு. கதாநாயகி கசாண்ட்ரா, கூலிக்குச் சண்டை போடும் பெண். விளையாட்டின் கதைப்படி தெர்மோபைலே கணவாயில் மடிந்த மன்னன் லியோனிடஸின் பேத்தி. (அங்கே கடைசிவரை நின்றது 300 ஸ்பார்ட்டியர் மட்டுமல்ல, தெஸ்பியா ஊர்க்காரர்கள் 700 பேரும் நின்றார்கள். நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் ஞாபகம் இருக்காது.)

புராணத்துக்கும் குறைவில்லை. தலைமுடிக்குப் பதில் பாம்புகள் நெளியும் மெடூசா வருகிறாள். கிரீட் தீவின் சுழல்மாளிகைக்குள் எருதுத்தலை மினோட்டார் துரத்துகிறது. ஸ்பிங்க்ஸ் விடுகதை போடுகிறது. இந்த ஆட்டம் முழுவதிலும் நான் உருப்படியாக உதவி செய்தது அந்த விடுகதையில் மட்டும்தான்.

முதல் தடவை ஏதென்ஸ் நகருக்குள் நுழைந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. பார்த்தினான் கோவில் கட்டத் தொடங்கிய ஆண்டு கி.மு. 447, சிற்ப வேலைகள் முடிந்தது 432 என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். வெள்ளை வெளேர் என்ற பளிங்குக் கோவில் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். விளையாட்டில் சிலைகளுக்குச் சிவப்பும் நீலமும் தீட்டியிருந்தார்கள். அதுதான் சரி. கல்லில் ஒட்டியிருக்கும் வண்ணத் துகள்களை ஆராய்ந்து அறிஞர்கள் எப்போதோ நிரூபித்துவிட்டார்கள். நம் ஊர்க் கோபுரத்தைத் தினமும் பார்த்து வளர்ந்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா? பேத்தி அக்ரோபொலிஸ் குன்றில் நிற்கும் அத்தீனா தேவியின் பெரிய சிலை மேல் கிடுகிடுவென்று ஏறினாள். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த என் வீட்டம்மா, "சாமி மேல காலை வைக்கிறா பாருங்க, நீங்களும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றார்.

இதெல்லாம் வேடிக்கை. நான் எழுத வந்தது வேறு.

விளையாட்டின் ஆரம்பத்திலேயே, கெஃபலோனியா என்ற தீவில் ஓர் இடம் வருகிறது. ஒரு கிராமத்தில் காய்ச்சல் நோய். ஊரையே கொளுத்திவிட்டார்கள். மிஞ்சியிருக்கும் ஒரு குடும்பத்தைக் கொல்லப் பூசாரி ஆட்களோடு நிற்கிறார். இவர்களை விட்டால் தீவு முழுக்க நோய் பரவும் என்கிறார். அந்தக் குடும்பம் மண்டியிட்டுக் கெஞ்சுகிறது. இங்கே விளையாட்டு நின்றுவிடும். விளையாடுகிறவர் முடிவு சொல்ல வேண்டும்.

"தாத்தா, என்ன பண்ணலாம்?"

"இதுல என்ன யோசனை? காப்பாத்து" என்றேன்.

காப்பாற்றினாள். நாங்கள் கப்பலேறி வேறு ஊர் போய்விட்டோம். பல நாள் கழித்துத் திரும்பி அந்தத் தீவுக்குப் போனால், தெருவெல்லாம் நோயாளிகள், பிணங்கள். பேத்தி கையிலிருந்ததை மடியில் வைத்துவிட்டு, "அப்ப நாம பண்ணது தப்பா தாத்தா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. "காபி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்துவிட்டேன்.

கெஃபலோனியாவில் நோய் கிளம்பியதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை, அது விளையாட்டின் கற்பனை. ஆனால் ஏதென்ஸில் வந்த நோய் கற்பனை அல்ல. அதைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி துசிடிடீஸ் என்ற ஒரே மனிதர் எழுதிவைத்தது. அவரும் அந்த நோயில் விழுந்து பிழைத்தவர். நான் உங்களுக்கு 'பெரிக்ளிஸ் காலம் பொற்காலம்' என்று ஐந்து மதிப்பெண் விடை எழுதவைத்தேன். அந்தப் பொற்காலம் எப்படி முடிந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேள்வித்தாளில் வராது என்பதுதான் காரணம். இப்போது சொல்லிவிடுகிறேன்.

தரையில் ஸ்பார்ட்டாவின் காலாட்படையை வெல்ல முடியாது, கடலில் ஏதென்ஸின் கப்பற்படையை வெல்ல முடியாது. ஆகவே பெரிக்ளிஸ் ஒரு கணக்குப் போட்டார். ஆட்டிக்கா நாட்டுப்புறத்து மக்கள் எல்லாரும் மதிலுக்குள் வந்துவிடட்டும், எதிரி வயல்களைக் கொளுத்தினால் கொளுத்தட்டும், தானியம் கப்பலில் வரும் என்று. நகரையும் பிரேயஸ் துறைமுகத்தையும் இணைக்க ஏறக்குறைய 6 கிலோமீட்டருக்கு நீண்ட மதில்கள் இருந்தன. மக்கள் வீட்டின் மரச்சட்டங்களைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆடு மாடுகளை யூபியா தீவுக்கு அனுப்பினார்கள். நகரில் இடம் ஏது? கோவில்களிலும் மதில் கோபுரங்களிலும் தங்கினார்கள். காற்றுப் புகாத குடிசைகளில் கோடை வெயிலில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். போர்க்கணக்காகப் பார்த்தால் தவறில்லாத திட்டம். கி.மு. 430 கோடையில் அந்தத் துறைமுகம் வழியாகவே நோய் வந்தது.

எத்தியோப்பியாவில் தொடங்கி எகிப்து, லிபியா வழியாக வந்தது என்று கேள்விப்பட்டதை துசிடிடீஸ் எழுதுகிறார். பிரேயஸில் முதலில் கண்டபோது, எதிரிகள் தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஜனங்கள் பேசினார்களாம். 2,400 ஆண்டு கழித்து நம் வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளை நினைத்துக்கொண்டேன். தலையில் சூடு, கண் சிவப்பு, தொண்டையில் ரத்தம், இருமல், வாந்தி, உடம்பெங்கும் கொப்புளம். உள்ளே எரியும் எரிச்சலில் மேலே துணி தாங்காமல் தண்ணீர்த் தொட்டிகளில் போய் விழுந்தார்கள். ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ பெரும்பாலும் சாவு. மறுபடி வந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன் என்கிறார். ஏன் வந்தது என்று ஊகம் சொல்ல மறுக்கிறார். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். 4,400 காலாட்படை வீரர்களும் 300 குதிரை வீரர்களும் இறந்தார்கள் என்று கணக்குத் தருகிறார். மற்ற சனங்களுக்குக் கணக்கே இல்லை.

குறி கேட்பதும் நடந்தது. டோரியர்களோடு, அதாவது ஸ்பார்ட்டா இனத்தாரோடு, போர் வரும், கூடவே 'லோய்மோஸ்' வரும் என்று ஒரு பழைய வாக்கு உண்டு என்றார்கள் முதியவர்கள். லோய்மோஸ் என்றால் கொள்ளைநோய். இல்லை, அது 'லிமோஸ்', பஞ்சம் என்றார்கள் சிலர். நோய் வந்ததால் லோய்மோஸ் கட்சி ஜெயித்தது. பின்னால் எப்போதாவது போரோடு பஞ்சம் வந்தால் இதே ஜனங்கள் லிமோஸ் என்றுதான் பாடுவார்கள் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். அந்த இடத்தில் மனிதர் லேசாகச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பெரிக்ளிஸின் முறைப்படியான மகன்கள் இருவரையும் நோய் கொண்டுபோனது. இளையவன் பாராலஸின் உடல்மேல் மாலை வைக்கும்போது, யார் முன்னும் அழாத அந்த மனிதர் வாய்விட்டு அழுதார் என்று பின்னாளில் புளூட்டார்க் எழுதினார். கி.மு. 429-இல் அவரும் போய்ச் சேர்ந்தார், நோயின் பிடியில் நாள்பட்டு மெலிந்து. விளையாட்டில் அவரைக் கத்தியால் கொல்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கதைக்காக தாத்தா" என்றாள் பேத்தி. கெஃபலோனியாவிலிருந்து கசாண்ட்ராவைத் தேடிவரும் ஃபீபி என்ற அனாதைச் சிறுமியும் நோய் பிடித்த ஏதென்ஸ் தெருவில் கொலைப்பட்டுக் கிடக்கிறாள். அன்று இரவு பேத்தி சரியாகச் சாப்பிடவில்லை.

அவளுக்கு மறுநாள் ஒரு நிஜச் சிறுமியைக் காட்டினேன். 1994, 95-இல் ஏதென்ஸில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டியபோது கெராமெய்கோஸ் பகுதியில் ஒரு பெரும் புதைகுழி அகப்பட்டது. ஏறக்குறைய 150 பேர். அடியில் ஓரளவு ஒழுங்காகவும், மேலே போகப்போக வெறுமனே தூக்கிப் போட்டும் புதைத்திருக்கிறார்கள். அதில் சுமார் 11 வயதுப் பெண்குழந்தை ஒன்று. மண்டையோட்டை வைத்து முகத்தை மறுபடி வடித்து, மிர்டிஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழியில் கிடைத்த பற்களில் டைபாய்டு கிருமியின் தடயம் இருப்பதாக 2006-இல் ஓர் ஆய்வு சொன்னது, மற்ற அறிஞர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இணையத்தில் அந்த முகத்தைத் தேடிப் பாருங்கள். நம் பள்ளியில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாதிரி இருக்கும்.

இனி, நான் அன்று காபி சாக்கில் எழுந்துபோன காரணம்.

துசிடிடீஸ் ஓர் இடத்தில், நோயாளியைப் பார்க்கப் பயந்து யாரும் போகாத வீடுகளில் ஆட்கள் கவனிப்பார் இல்லாமல் செத்தார்கள், வீடு வீடாகக் காலியானது என்கிறார். போனவர்களும் செத்தார்கள். அதிலும் மானம் பார்த்தவர்கள், நண்பனைப் பார்க்காமல் இருப்பது வெட்கம் என்று நினைத்தவர்கள், அதிகம் செத்தார்கள். நோய் வந்து பிழைத்தவர்கள்தான் இரக்கத்தோடு மற்றவர்களைக் கவனித்தார்கள். ஒருமுறை வந்தவரை அது மறுபடி சாகும் அளவுக்குத் தாக்கவில்லை, ஆகவே அவர்களுக்குப் பயமில்லை. நோய் எதிர்ப்பு சக்தி என்ற பேச்சே இல்லாத காலத்தில் ஒருவர் கண்ணால் பார்த்து எழுதிய குறிப்பு இது.

நம் தமிழ் ஐயாவை உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. 22 வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். 2021 மே மாதம் அவருக்குக் கொரோனா. வீட்டம்மாவுக்கும் காய்ச்சல், மகன் வெளிநாட்டில். என் வீட்டிலிருந்து நாலே தெரு. போன் செய்து, "உள்ள எல்லாம் வர வேண்டாம் சார். வாசல்ல நின்னு ஒரு தடவை முகத்தக் காட்டிட்டுப் போங்க" என்றார். எனக்கு முந்தின வருடம் செப்டம்பரிலேயே வந்து குணமாகியிருந்தது. கொரோனா மறுபடியும் வரலாம் என்று சொன்னார்கள், அது உண்மையும்தான். ஆனால் நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகாமல் இருக்கவில்லை. பயந்தேன். "நாளைக்கு வரேன் ஐயா" என்றேன். இரண்டு நாள் இப்படிச் சொன்னேன். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை.

டிவி திரையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தை "இதுல என்ன யோசனை" என்று காப்பாற்றச் சொன்னேனே, அது எத்தனை சுலபமாக வாயில் வந்தது என்பதுதான் என்னை எழுப்பிவிட்டது. இதைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "அந்தப் பாட்டி இப்ப எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். துக்கம் கேட்க அப்போதே போயிருக்க வேண்டிய வீடு. "வாங்க சார், வழி தெரிஞ்சுதா?" என்றார் அம்மா. அதற்கு மேல் ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தார். ஐயா கேட்டதைச் சொன்னேன், நான் வராததையும் சொன்னேன். "தெரியும் சார், அவர் பக்கத்துலதானே படுத்திருந்தேன்" என்றார்.

ஐயாவின் புத்தக அலமாரிகள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. கரையான் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. அம்மா அவற்றை நல்ல இடத்துக்குக் கொடுத்துவிட விரும்புகிறார். பள்ளி நூலகமோ கல்லூரியோ நடத்துபவர்கள், அல்லது வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் அவருடைய மாணவர்கள், எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். வரும் சனிக்கிழமை நானும் பேத்தியும் தூசி தட்டிப் பட்டியல் எடுக்கப் போகிறோம். உள்ளூரில் இருப்பவர்கள் காலை பத்து மணிக்கு வந்தால் ஏணி பிடிக்க ஆள் கிடைக்கும்.