கூலியும் குடிக்கூலியும்

வீட்டு வாடகையைக் குறிக்க நம் மொழியிலே 'குடிக்கூலி' என்றொரு சொல் உண்டு. உழைத்தவன் பெறுவது கூலி. குடியிருக்க அவன் தருவது குடிக்கூலி. வடசென்னையின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இந்த இரு சொற்களுக்கிடையே கிடக்கிறது. துறைமுகத்திலே மூட்டை சுமந்து பெற்ற கூலி, மாதம் பிறந்ததும் குடிக்கூலியாகிக் கை மாறும். முதற்கூலி உயர வேண்டுமானால் சங்கம் வேண்டும், வேலைநிறுத்தம் வேண்டும், தடியடியும் சிறையும் தாங்கும் உடல் வேண்டும். இரண்டாவது கூலியோ, எவரும் கேளாமலே உயரும்!

உயர்ந்தது எப்படி? 1856-இல் தென்னாட்டின் முதற் பயணிகள் வண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பெரம்பூர்ப் பக்கம் 1876-இல் பக்கிங்காம் ஆலையும் 1881-இல் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. அதே ஆண்டுகளில்தான் பெரும்பஞ்சம் சிற்றூர்களைச் சூறையாடிற்று. பசி விரட்ட வந்தவர்கள் கல் சுமந்தார்கள், தண்டவாளம் தாங்கினார்கள், தறி ஓட்டினார்கள். அவர்கள் வருமுன் வெறும் மணற்றிடலாகக் கிடந்த இடம், அவர்களுடைய தோள்வலியால் விலைமிக்க மனையாயிற்று. விலையை ஏற்றியவன் தொழிலாளி; ஏறிய விலைக்கு வாடகை செலுத்தியவனும் அவனே. இந்த வேடிக்கைக்கு நாட்டுப் பொருளாதாரம் என்று பெயர்!

கொடுக்க இயலாதவன் என்ன செய்தான்? விட்லியைத் தலைவராகக் கொண்டு வந்த அரச தொழிலாளர் ஆணையம் 1931-இல் தந்த அறிக்கையில் இதற்கு விடை இருக்கிறது: துறைமுகத்தை அடுத்த கிடங்குகளின் தாழ்வாரங்களில் வீடற்ற தொழிலாளர் படுத்து உறங்கினர். உள்ளே சரக்கு, வெளியே மனிதன். சரக்குக்குக் கூரை வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

ஓரளவு வழி கண்டவர்கள் பிறர் மனையிலே குடிசை போட்டனர். மனை செட்டியாருடையதாக இருக்கும், கோயிலுடையதாக இருக்கும், குடிசை இவர்களுடையது. அடிமனைக்கு மட்டும் மாத வாடகை. வாயுரையே பத்திரம், நம்பிக்கையே முத்திரை. பத்தாண்டு கழித்து மனையின் விலை ஏறியதும் உரிமையாளர் 'காலி செய்' என்பார். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் அவனுக்கு ஓர் உரிமை வழங்கியிருந்தது: தான் கட்டியதைப் பெயர்த்துக்கொண்டு, மனையை வாங்கியபடியே ஒப்படைத்துவிட்டுப் போகலாம்! கீற்றைப் பெயர்க்கலாம், கதவைக் கழற்றலாம். மண்சுவரை எந்தத் தலையிலே சுமப்பது?

இந்தக் கொடுமைக்கு முதல் அணை போட்டது நீதிக்கட்சி ஆட்சிக் காலத்துச் சட்டமொன்று. சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். 1922-இன் மூன்றாவது சட்டம். பம்பாய் 1918-இலும் கல்கத்தா 1920-இலும் வாடகைச் சட்டம் இயற்றின. அவை வாடகை கொடுப்போனைக் கருதியவை. சென்னைச் சட்டமோ, பிறர் மனையில் தன் கையால் கட்டியவனைக் கருதிற்று. வெளியேற்ற வேண்டுமா, கட்டடத்துக்கும் நட்ட மரத்துக்கும் விலை கொடு என்றது. மனை வாடகை எவ்வளவு என்பதை நீதிமன்றமே முடிவு செய்யலாம் என்றது. எல்லாவற்றினும் மேலாக, ஒன்பதாம் பிரிவிலே, வெளியேற்ற வழக்குத் தொடரப்பட்டவன் அந்த மனையையே தனக்கு விற்கும்படி மன்றத்தைக் கேட்கலாம் என்றும் விதித்தது. நிலவுடைமை புனிதமென்று போற்றப்பட்ட காலத்தில் இஃது எவ்வளவு பெரிய துணிச்சல்! குறையும் இருந்தது: சட்டம் வருமுன் குடியேறியவர்க்கே காப்பு. அந்தக் கால எல்லையைத் தள்ளிவைக்க 1955-இன் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது.

வீட்டு வாடகைக்குக் கட்டுப்பாடு வந்தது போர்க்காலத்தில், 1941-இன் ஆணை மூலம். பிறகு 1946-இல் ஒரு சட்டம், 1949-இல் மற்றொன்று. அதே 1949-இல், செப்டம்பர் 18 அன்று, இராயபுரம் இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையிலே கழகத்தின் முதற் பொதுக்கூட்டம் நடந்தது. நனைந்து நின்றோரில் சொந்தக் கூரைக்குத் திரும்பியவர் எத்தனை பேரோ!

1960-இன் சட்டம் 'நியாய வாடகை' என்பதற்குக் கணக்கே வகுத்தது. மனை மதிப்பும் கட்டடச் செலவும் சேர்ந்த தொகையில், குடியிருப்பு வீட்டுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு. 1973-இல் அது ஒன்பதாயிற்று. பத்தாயிரம் ரூபாய் மதிப்புள்ள வீடென்றால், தொடக்கக் கணக்குப்படி மாதம் ஐம்பது ரூபாய். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்து, 'பாக்கி' என்று பழி சுமத்தி விரட்டும் தந்திரத்துக்கும் மாற்று இருந்தது: மணியார்டரில் அனுப்பலாம், அதையும் மறுத்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்டலாம்.

இந்தச் சட்டத்தைக் குறை கூறுவோர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரே வீட்டின் வாடகையை நம்பி வாழ்ந்த கைம்பெண்ணும் இதனால் வாடினாள். கொழுத்த வணிகர்கள் பழைய வாடகையிலே பெருங்கட்டடங்களைப் பிடித்துக்கொண்டதும் உண்டு. பழுது பார்க்காத வீடுகள் பாழாயின, 'பகடி' என்னும் மறைமுகப் பணம் பெருகிற்று. ஆனால் ஓட்டை விழுந்த குடையைத் தைப்பார்களா, தூக்கி எறிவார்களா?

1996-இன் ஒரு சட்டம், அடிமனைப் பாதுகாப்பிலிருந்து கோயில், மடம் முதலிய சமய நிறுவனங்களின் நிலங்களை விலக்கியது. ஆண்டவன் பெயரிலுள்ள மனையில் மட்டும் ஏழைக்குக் காப்பில்லை! மயிலாப்பூர் கிளப் போன்ற செல்வர் கழகமும் அதே குடையின் கீழ் ஒதுங்கப் பார்த்தது மெய்தான். 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் அது தோற்றது. கிளப்பைத் தடுக்கக் குடிசையையும் சேர்த்தா விலக்க வேண்டும்?

1960-இன் சட்டம் 2019 பிப்ரவரி 22-ஆம் நாளோடு முடிந்தது. அன்று நடைமுறைக்கு வந்த 2017-இன் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், பதிவு வேண்டும் என்கிறது, நல்லதே. ஆனால் வாடகை எவ்வளவு? இருவரும் ஒத்துக்கொண்டது எதுவோ அதுவே. பின்னர் உயர்த்துவதில் தகராறு எழுந்தால் மன்றம் தலையிடும். தொடக்கத் தொகையை எடைபோட நியாய வாடகை என்னும் அளவுகோல் இல்லை. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாதென்றும் சட்டம் சொல்கிறது. அட்வான்சாகப் பத்து மாதத் தொகையைக் கொடுத்துப் பழகிய சென்னைக்கு இது தேன்மொழி! ஆனால் அந்த விதியின் தலையிலே, 'மாறான உடன்பாடு இருந்தாலன்றி' என்றொரு தொடர் உட்கார்ந்திருக்கிறது. வீடு தேடி அலைபவன் எந்த உடன்பாட்டுக்குத்தான் தலையாட்ட மாட்டான்?

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்டது. நிலையத்துக்கு நடந்துவிடும் தொலைவு என்பதே இன்று வீட்டுக்காரர் சொல்லும் முதல் வாசகம். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைச் சுமக்கும் அந்த நகரிலே, அங்கே உழைத்தவன் பிள்ளை அந்த வாசகத்துக்கும் சேர்த்து வாடகை தர வேண்டியிருக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தம் தீர்ந்ததும் குடும்பம் இன்னும் வடக்கே நகர்கிறது. பள்ளியின் வருகைப் பதிவேட்டிலே ஆண்டின் நடுவே அடிக்கப்படும் பெயர்களில் பல, இப்படி நகர்ந்த வீட்டுப் பிள்ளைகளுடையவை.

அரசே கட்டித் தந்தால் தீராதா என்பர். 1970-இல் குடிசை மாற்று வாரியம் கண்டது அந்த எண்ணத்தில்தான். அதனால் குடிசை நீங்கியோர் பலர். ஆயினும் திருவொற்றியூரில் 1993-இல் எழுந்த வாரிய அடுக்ககம் 2021 டிசம்பர் 27 அன்று இருபத்துநான்கு வீடுகளோடு சரிந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்கள் தப்பின.

சட்டமன்றம் செய்யக்கூடியது ஒன்று உடனடியாக இருக்கிறது. 'மாறான உடன்பாடு இருந்தாலன்றி' என்னும் அந்தத் தொடரை அடித்துவிடட்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை. அடுத்து, மெட்ரோ நிலையமும் மேம்பாலமும் பொதுப்பணத்தில் எழும் இடங்களிலேனும் நியாய வாடகைக் கணக்கை மறுபடியும் எழுதட்டும்; நூற்றுக்கு ஆறா, ஒன்பதா, பன்னிரண்டா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.