தகவல் கொடுத்தவங்களும் கோப்பில வச்சவங்களும்

‘எ மோஸ்ட் வோன்டட் மேன்’ படத்தை (2014, ஜோன் லெ காரேயின் நாவல்) எங்கட வட்டத்தில பலர் பார்த்திருப்பீங்க. ஹம்பேர்க் நகரத்தில குந்தர் பாக்மன் என்றொரு உளவு அதிகாரி. பெரிய சண்டையொன்றும் இல்லை. சந்தேக நபரை இப்பவே பிடிக்கிறதா, விட்டுவைத்து அவனுக்குப் பின்னால இருக்கிற ஆளை எட்டுறதா என்ற ஒரே கேள்விதான். பொறுத்தால் குண்டு வெடிக்கலாம், அவசரப்பட்டால் ஒரு அப்பாவி அழிஞ்சு போகலாம்.

அந்தப் படத்தோட 2019 ஏப்ரலை வச்சுப் பார்த்தால் ஒன்று இடிக்குது. கொழும்பில அந்தக் கதிரைகளில இருந்தவர்கள் இப்படி ஒரு இக்கட்டில் தவித்ததாகவே தெரியவில்லை.

ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து அரச புலனாய்வுச் சேவைக்குத் தகவல் வந்தது. சஹ்ரான் ஹாசிமின் பெயரும் இருந்தது, இலக்கு தேவாலயங்கள் என்றும் இருந்தது. 9ஆம் திகதி பொலிஸ் மா அதிபருக்குக் கடிதம் போனது. 16ஆம் திகதி காத்தான்குடிக்குப் பக்கத்தில பாலமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வெடித்தது. 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு, 260க்கும் மேற்பட்ட உயிர்கள். சொறிக்கல்முனை திருச்சிலுவை ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த எங்களுக்கு அது வெறும் நிர்வாகக் கடிதம் இல்லை. ‘தேவாலயங்கள்’ என்ற சொல்லுக்குள்ள எங்கட பூசையும் கிடக்கு. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது.

பார்வை வேற பக்கம் இருந்தது என்பதற்கு வவுணதீவு சாட்சி. 2018 நவம்பர் 30 அன்று அங்கே இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டது முன்னாள் போராளி ஒருவர். செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்று தெரிய ஏப்ரல் வரவேண்டியிருந்தது. அதுவரை அந்த மனுசன் உள்ளே. ஆனால் சஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டதே காத்தான்குடி முஸ்லிம்கள்தான். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் நடந்த மோதலுக்குப் பிறகு அவர் ஊரை விட்டே தலைமறைவானார்.

அப்ப பாக்மனுடைய இக்கட்டு யாருக்கு வந்தது? எங்கட பார்வையில், சாய்ந்தமருதுக்காரருக்கு. கிட்டங்கிப் பாலம் தாண்டிக் கல்முனைக்குப் போய்த் தெற்கே திரும்பினால் வருகிற ஊர். ஏப்ரல் 26ஆம் திகதி, வாடகை வீடொன்றில் புதுசா வந்திருந்தவர்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அயலில் இருந்த முஸ்லிம்களே தகவல் கொடுத்தார்கள்.

கிழக்கில் இது லேசுப்பட்ட வேலையில்லை. சுற்றிவளைப்புக் காலத்துத் ‘தலையாட்டி’யை அம்மம்மாக்களிடம் கேட்டுப் பாருங்க. முகமூடிக்குள்ள இருந்து ஒரு தலை ஆடினால் ஒரு பிள்ளை வீடு திரும்பாது. தகவல் கொடுக்கிறது என்றாலே இங்கே காட்டிக்கொடுப்புத்தான். சாய்ந்தமருதில் முகமூடி இல்லை, தங்கட தெருவிலேயே நின்று சொன்னார்கள். அந்த இரவு சஹ்ரானின் தகப்பனும் சகோதரர்களும் இருந்த வீட்டுக்குள் குண்டுகள் வெடித்தன. செத்தவர்களில் ஆறு பேர் பிள்ளைகள். அந்தப் பாவம் குண்டை வெடிக்க வைத்தவர்களுடையது, அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. என்றாலும் தகவல் சொன்ன மனுசருக்கு அன்றிரவு நித்திரை வந்திருக்குமா?

சாய்ந்தமருதுக்காரர் சொன்னது தாங்கள் கண்ணால் கண்டதை. அதற்குப் பிறகு நாடு முழுக்க நடந்தது வேற. அடுத்த மாதமே, உடுப்பில இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று நினைத்து ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். 2020 மே மாதம் கவிஞர் அஹ்னாப் ஜஸீமைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். சான்றாகக் காட்டியது ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு. தீவிரவாதத்துக்கு எதிரான கவிதைகளும் அதில் இருக்கு. பிணை கிடைக்க ஒன்றரை வருடம், வழக்கிலிருந்து முழுசா விடுபட 2023 டிசம்பர் வரை.