ஒத்து ஊதும் செல்போன்

தொடுதிரைச் செல்போனிலும் டேப்லெட்டிலும் செயலிகளைக் கொண்டு இசை எழுப்பும் பழக்கத்துக்கு வயது சுமார் இருபது. மேலைநாடுகளில் இந்தச் செயலிகள் சின்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் கையடக்க மாற்றாகப் பிறந்தவை. தமிழ்நாட்டில் அவை முதலில் ஏற்றுக்கொண்ட வேலை வேறு: சுருதி போடுவது. பாட்டு வகுப்பு, பஜனை, கல்யாண மேடை எங்கும் செல்போன் இசைக்கருவியாக நுழைந்தது ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கத்தான். ராகம் வாசிக்க அது பழகியது பின்னால்.

அது ஏன் என்பதை ஒரு வட்டாரத்தைக் கொண்டு பார்க்கலாம். பழனிக்கு வடக்கே, தாராபுரம் போகும் வழியில் இருக்கிறது திண்டுக்கல் மாவட்டத்துக் கீரனூர். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து பழனிக்கு நடக்கும் கொங்கு நாட்டுக் காவடிகள் தாராபுரத்தைக் கடந்து வரும் தடம் இது. பம்பை, உடுக்கை, உறுமி, நையாண்டி மேளம், கோயில் நாதஸ்வரம், தவில் என்று இந்த வட்டாரத்தின் இசை பெரும்பாலும் வெட்டவெளி இசை. அரை மைல் தள்ளி வருபவனுக்கும் காது கேட்க வேண்டும் என்பதே அதன் முதல் இலக்கணம். சட்டைப் பையில் அடங்கும் கருவியின் ஒலிபெருக்கிக்கு அங்கே என்ன இடம்? முன்னால் நின்று வாசிக்க இடமில்லை. பின்னால் நின்று ஒத்து ஊதுவதற்கு இருந்தது.

ஒத்து என்பது பார்வைக்கு நாதஸ்வரம் போலவே இருக்கும் நீண்ட குழல். விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதில் கிடையாது. அடிப்பக்கத்துத் துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, கன்னத்தில் தேக்கிய காற்றை வாயால் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் நாதம் அறுந்தால் பெரிய வித்வான் திரும்பிப் பார்ப்பார். சாமி புறப்பாட்டில் நான்கு வீதியும் நடந்துகொண்டே இதைச் செய்ய வேண்டும். மேளத்துக்குப் புதிதாக வந்த பையன்கள் பலருக்கு இதுவே முதல் வேலையாக இருந்தது. அடுத்தவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவரை ‘ஒத்து ஊதுகிறார்’ என்று ஏளனம் செய்கிறது பேச்சு வழக்கு. ஊதிப் பார்த்தவர் யாரும் அந்த வழக்கை உண்டாக்கியிருக்க மாட்டார்.

ஒத்துக்காரரின் இடத்தை முதலில் பிடித்தது துருத்தி வைத்த சுருதிப்பெட்டி. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியத்தின் குறுக்கம் அது: ஸட்ஜமும் பஞ்சமமும் ஒலிக்கத் தேவையான உலோக நாக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, கட்டை வரிசையைக் கழற்றிவிட்டார்கள். ஆர்மோனியம் போனாலும் அதன் கணக்கு போகவில்லை. இன்றைக்கும் சுருதியைக் ‘கட்டை’ என்றே சொல்கிறோம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளில் சி என்பது 1 கட்டை, டி 2, ஜி 5. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை. பெண் குரல் பெரும்பாலும் 5 கட்டையை ஒட்டியும், ஆண் குரல் 1 கட்டையை ஒட்டியும் அமையும். பின்னால் வந்த மின்பெட்டியும் செல்போன் செயலியும் இதே கணக்கில்தான் நடக்கின்றன. திரையில் ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்தாலும் பாடகர் அதை மனதுக்குள் கட்டையாக மாற்றிக்கொள்கிறார்.

மின்பெட்டி பெங்களூரில் பிறந்தது. பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். அவருடைய ராடெல் நிறுவனம் பின்னர் மின்னணுத் தம்புராவையும் தாளப்பெட்டியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. திருகு ஒன்றைத் திருப்பினால் எந்தக் கட்டைக்கும் போகலாம். இது நாதஸ்வரக்காரர்களுக்குப் பெரிய வசதி. புறப்பாட்டுக்கு உயர்ந்த சுருதித் திமிரியும், டி.என். ராஜரத்தினம் பிள்ளை பிரபலமாக்கிய தாழ்ந்த சுருதிப் பாரியும் கையாளும் குழுவுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி ஒத்துக்குழல் வேண்டியிருந்தது. பெட்டி ஒன்றே போதுமாயிற்று. ஒத்துக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பங்கும் மிச்சம். ஒத்து மேடையிலிருந்து மறைந்ததற்கு நாதத்தின் தரத்தைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம் என்று கொள்ளலாம்.

2000களில் உலகம் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. தொடுதிரையில் இசை அமைக்கும் முயற்சி ஐபோனுக்கு முந்தியது. எழுத்தாணி கொண்டு இயக்கும் பாம் கையடக்கக் கணினியில் 2000களின் நடுவில் ‘பஜீஸ் லூப்ஸ்’ என்ற இசைத் தொகுப்பு மென்பொருள் இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் செய்த மென்பொருளின் பெயரில் நம் டீக்கடைப் பலகாரம் எப்படி ஏறியது என்பது தனி வேடிக்கை. நின்டெண்டோ டிஎஸ் விளையாட்டுக் கருவிக்கு ஜப்பானியக் கலைஞர் தோஷியோ இவாய் செய்த ‘எலெக்ட்ரோபிளாங்க்டன்’ 2005இல் வந்தது. திரையில் நீந்தும் நுண்ணுயிர்களைத் தொட்டால் ஓசை எழும். பழைய கோர்க் சின்தசைசரை அதே கருவிக்குள் அடக்கிய டிஎஸ்-10 வந்தது 2008இல்.

2007இல் வந்த ஐபோன் ஒரே நேரத்தில் பல விரல்களை அறிந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிளின் செயலிக் கடை திறந்தது. அந்த நவம்பரிலேயே ஸ்மூல் நிறுவனத்தின் ‘ஒக்கரினா’ வெளியானது. திரையில் நான்கு துளைகள். அவற்றை விரலால் மூடி, பேசும் மைக்கில் ஊத வேண்டும். செல்போனைக் குழலாக்கிய செயலி அது. 2010இல் ஐபேடும், 2011இல் அதற்கான கராஜ்பேண்ட் என்ற இசையமைப்புச் செயலியும் வந்த பிறகு, ஸ்டுடியோவில் நடந்த வேலையின் ஒரு பகுதி மடிக்கு வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கையில் இருந்தது ஆண்ட்ராய்டு செல்போன். அதில் ஒரு கோளாறு இருந்தது. விரல் திரையைத் தொடுவதற்கும் ஓசை வெளிவருவதற்கும் இடையே, தொடக்க கால ஆண்ட்ராய்டு செல்போன்களில் 100 மில்லி விநாடிக்கும் மேல் தாமதம் சாதாரணம். பேச்சுக்கு இது பொருட்டில்லை. லயத்துக்கு இது கேடு. ஓர் அட்சரம் 1 விநாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் தவில்காரர் 8 சொல் வாசிக்கும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 125 மில்லி விநாடி. அந்தச் செல்போனில் தட்டினால் முதல் சொல்லின் ஓசை இரண்டாம் சொல்லின் இடத்தில் வந்து உட்காரும். கூகுள் 2012 முதல் இந்தத் தாமதத்தைக் குறைக்கத் தொடங்கியது. 2017இல் ஆண்ட்ராய்டு 8 கொண்டுவந்த புதிய ஒலி அமைப்புக்குப் பிறகே நல்ல செல்போன்களில் நிலைமை தேறியது.

சுருதி போடும் தம்புராச் செயலிக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. ஒருமுறை தொட்டுத் தொடங்கிவிட்டால் கச்சேரி முடியும்வரை யாரும் திரையைத் தொடப்போவதில்லை. எனவே எத்தனை மலிவான செல்போனாக இருந்தாலும் அது நல்ல சுருதிப்பெட்டியாக இருக்க முடிந்தது. இசைச் செயலிகளில் சுருதிச் செயலி இங்கே முதலில் வேரூன்றியதற்கு மரபு ஒரு காரணம், தொழில்நுட்பத்தின் இந்த ஊனம் மற்றொரு காரணம்.

தம்புராச் செயலி ஒன்றைத் திறந்தால் தெரிவது சொற்பம். கட்டையைத் தேர்ந்தெடுக்க ஒரு வரிசை. ஓர் அரை ஸ்வரத்தை நூறாகப் பகுத்து ஏற்றி இறக்க ஒரு நகர்த்தி. முதல் தந்தி பஞ்சமமா மத்தியமமா என்று ஒரு தேர்வு. மீட்டும் வேகம், ஒலி அளவு. அவ்வளவுதான். நிஜத் தம்புராவில் நான்கு தந்திகள்: பஞ்சமம், மேல் ஸட்ஜம் இரண்டு, கீழ் ஸட்ஜம். தந்திக்கும் குதிரைக்கும் இடையே நூலைச் செருகி, அதை இம்மியளவு நகர்த்தினால் ஒரு கட்டத்தில் தந்தி திடீரென்று ரீங்கரிக்கும். அதை ஜீவா என்பார்கள். பழைய மின்பெட்டி இந்த ரீங்காரத்தை மின்சுற்றால் போலி செய்தது. செயலிகளில் நல்லவை, நிஜத் தம்புராவின் ஒலிப்பதிவையே வெட்டிச் சுழல விடுகின்றன. நாதம் அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் தந்தி இறங்கும் சிக்கல் செயலிக்கு இல்லை. அதனால் சுருதி சேர்க்கும் பழக்கமும், அதில் கூர்மையடையும் காதும் மாணவருக்கு வாய்ப்பதில்லை. இழப்புகளில் இது பெரியது.

தாளச் செயலிகள் சுருதிச் செயலிகளுக்குப் பின்னால் வந்தன. பிரசாத் உபாசனி உருவாக்கிய ஐதப்லா புரோ போன்றவை இந்துஸ்தானி இசைக்காரர்களிடம் பெரும் பெயர் பெற்றன. கர்நாடக இசையில் ஆதி, ரூபகம், கண்ட சாபு, மிஸ்ர சாபு ஆகியவற்றின் நடையைச் சுழற்றிப் போடும் செயலிகள் சாதகத்துக்கு உதவுகின்றன. கச்சேரிக்கு அவற்றை யாரும் அழைப்பதில்லை. பாடகர் எங்கே நிறுத்துவார், எங்கே கோர்வை வைத்து எடுப்புக்கு வந்து சேர வேண்டும் என்பதை உடனிருந்து கேட்டு வாசிப்பதே பக்கவாத்தியம். சுழலும் ஒலிப்பதிவுக்குக் காது கிடையாது. தவில்காரருக்குத் திரை இன்னொரு வகையிலும் ஒத்துவராது: வலந்தலையில் அடிக்கும் விரல்களில் அவர் மாட்டியிருக்கும் கூடு, துணியும் பசையும் சேர்த்துக் காயவைத்தது. மின்னூட்டத்தால் விரலை அறியும் திரைக்கு அந்தக் கூட்டுக்குள் இருக்கும் விரல் தெரியவே தெரியாது.

ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் கமகத்தில்தான் கதை திரும்புகிறது. ஆர்மோனியக் கட்டைகள் படிகள் போன்றவை. ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாண்டலாம், வழுக்க முடியாது. தோடியின் காந்தாரம் எந்தப் படியிலும் நிற்பதில்லை. இந்தக் குறையைச் சொல்லியே அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்தது. 1971இல்தான் தடையைத் தளர்த்தத் தொடங்கியது. மின் கீபோர்டு வந்த பிறகு, கட்டையை ஒரு கையால் அழுத்தி மறுகையால் சுருதிச் சக்கரத்தை அசைத்துக் கமகம் கொண்டுவரும் முறையைக் கீபோர்டு சத்யா என்று அறியப்படும் கே. சத்யநாராயணன் மேடையில் வளர்த்தெடுத்தார். ஆனாலும் கமகம் இரண்டாவது கையில் இருந்தது.

கண்ணாடித் திரையில் படியே இல்லை. வீணையின் மெட்டும் இல்லை, ஆர்மோனியத்தின் கட்டையும் இல்லை. விரல் எங்கே நகர்கிறதோ ஸ்வரம் அங்கே நகரும். இந்த வழுக்கலுக்காகவே செய்யப்பட்ட ‘கன்டினியம் ஃபிங்கர்போர்டு’ என்ற மேசைக் கருவியை ஏ.ஆர். ரகுமான் 2009இல் வெளியான ‘தில்லி-6’ படத்தின் இசையில் பயன்படுத்தினார். அது எல்லோருக்கும் கட்டுப்படியாகும் கருவி இல்லை. அந்த வசதியை ஐபேடுக்குக் கொண்டுவந்தது 2016இல் வெளியான ‘ஜியோஷ்ரெட்’. டிரீம் தியேட்டர் குழுவின் கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ரூடெஸின் விசர்டம் மியூசிக்கும் மோஃபோர்ட்டே நிறுவனமும் சேர்ந்து செய்த செயலி அது. மின்கிடார் வாசிப்பவரை மனதில் வைத்துச் செய்தார்கள். ஆனால் கர்நாடக இசைக்குப் பொருந்திப் போயிற்று. மகேஷ் ராகவன் அதைக் கொண்டு ராகங்களை ஐபேடில் வாசித்து, இந்தக் கருவிக்கென்றே ஒரு பெயரைத் தேடிக்கொண்டார்.

திரை முழுதும் கட்டங்கள். ஒரு கட்டத்தில் விரல் விழுந்தால் ஸ்வரம் சுத்தமாகத் தொடங்கும். விரலை இடவலமாக அசைத்தால் கம்பிதம், இழுத்துக்கொண்டு போனால் ஜாரு. விரல் நின்ற இடம் சற்றே பிசகியிருந்தாலும், செயலி மெல்ல அருகில் உள்ள ஸ்வரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி அமைத்துக்கொள்ளலாம். வயலின் கற்பவர் ஆண்டுக்கணக்கில் காதால் தேடும் இடத்தைச் செயலி இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. அதே திருத்தம் கட்டுக்கு மீறினால் தோடியின் காந்தாரத்தையும் படியில் ஏற்றி நிறுத்திவிடும். எனவே தேர்ந்தவர்கள் அதைக் குறைத்தோ அணைத்தோ வாசிக்கிறார்கள். மீட்டின் அழுத்தமும் மூச்சின் ஏற்ற இறக்கமும் வழவழப்பான கண்ணாடியில் வருவதில்லை. வீணையின் பக்கத்தில் வைத்துக் கேட்டால் இது உடனே புலப்படும்.

பாட்டு அமைக்கும் செயலிகளைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல அதிகம் இல்லை. கராஜ்பேண்ட் ஆப்பிள் கருவிகளோடு நின்றது. எஃப்எல் ஸ்டுடியோ மொபைலும் இலவசமான பேண்ட்லேபும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ செல்போன் சேவை வந்து இணையம் மலிந்த பிறகு, ஸ்மூல் போன்ற செயலிகளில் முன்பின் தெரியாதவர்கள் ஜோடி சேர்ந்து சினிமாப் பாட்டுப் பாடுவது சிற்றூர்களுக்கும் பரவியது.

2020 ஊரடங்கில் பாட்டு வகுப்புகள் வீடியோ அழைப்புக்கு மாறியபோது சுருதிச் செயலி மீண்டும் முன்னால் வந்தது. அழைப்பு மென்பொருள்கள் விடாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எண்ணி வடிகட்டிவிடும்; மின்விசிறியின் ஓசையும் தம்புராவும் அவற்றுக்கு ஒன்றுதான். குருவின் வீட்டுச் சுருதி மாணவருக்குக் கேட்கவில்லை. ஆகவே இரு பக்கமும் தனித்தனிச் செல்போனில் ஒரே கட்டையை வைத்துக்கொண்டு பாட வேண்டியிருந்தது.

பழனித் தேவஸ்தானம் நாதஸ்வரமும் தவிலும் கற்றுத்தரும் பள்ளியை நடத்துகிறது. அங்கே கற்றுவிட்டு வெளியே வருபவருக்குப் போட்டி எங்கிருந்து வருகிறது? தொடுதிரைக்கு முன்பே, மோட்டார் வைத்து முரசும் மணியும் அடிக்கும் மின்சார மேளம் பல சிறு கோயில்களின் பூஜைநேர மேளக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. புதுமனைப் புகுவிழாவில் செல்போனும் புளூடூத் ஒலிபெருக்கியும் மங்கள இசை போடுவது அதன் தொடர்ச்சி. நாதஸ்வரக்காரரின் பக்கத்தில் செல்போன் சுருதி போட்டால் அது கருவி; அவரையே அழைக்காமல் செல்போனைப் போட்டால் அது வேலைபறிப்பு. இரண்டையும் ஒரே புதுமை என்று பேசுவது சரியல்ல.

மேடையில் செல்போனைச் சுருதிக்கு வைப்பவர்கள் முதலில் விமானப் பயன்முறையைப் போட்டுவிடுவது நல்லது. ஆலாபனை நடுவில் யாராவது கூப்பிட்டால் தம்புரா நின்று அழைப்பு மணி ஒலிக்கும்.