பாடினவர் பேர் தெரியும், எழுதினவர்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலை மீலாத் விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரித்தது நான்தான். ஒரு இடத்தில் "இறைவனிடம் கையேந்துங்கள் - நாகூர் ஹனிபா பாடல்" என்று போட்டேன். அதற்கு அடுத்த வரியில், மாணவிகளே ஆக்கிய ஒரு பாடல். பாடின பிள்ளையின் பெயரைப் போட்டேன். பிள்ளை அழகாகப் பாடினது, சான்றிதழும் கிடைத்தது. மறுநாள் இடைவேளை நேரம் வேறொரு பிள்ளை ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றது. "சேர், நேத்துப் பாடின பாட்டு நான் எழுதினது." கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்கிற மாதிரித்தான் சொன்னது. எனக்குத்தான் முகம் சுருங்கிப் போனது.

வீட்டுக்கு வந்து அந்த நிரலைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, மேல் வரியிலும் அதே தவறைத்தான் செய்திருக்கிறேன் என்று விளங்கியது.

"இறைவனிடம் கையேந்துங்கள்" ஹனிபா எழுதியதல்ல. எழுதியவர் கிளியனூர் அப்துல் சலாம். எங்கள் ஊரில் அந்தப் பாட்டைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? கல்யாண வீடு, கத்னா வீடு, நோன்பு இரவு, பஸ் பயணம் எல்லாவற்றிலும் அது இருந்தது. எங்கள் வீட்டுக் காசட் உறையில் தொப்பி போட்ட ஹனிபாவின் படம் இருந்தது. வாப்பாவிடம் "இதை எழுதினது யார்?" என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வாப்பாவும் சொன்னதில்லை. 2015 ஏப்ரல் 8ஆம் தேதி ஹனிபா காலமானபோது என் பக்கத்திலும் அவருக்காகத்தான் பதிவு போட்டேன். அதில் அப்துல் சலாம் பெயர் இல்லை.

ஹனிபாவைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. மைக் இல்லாவிட்டாலும் தெரு முனை வரைக்கும் போகிற குரல் அது. தி.மு.க. மேடைகளிலும் அந்தக் குரல்தான் முழங்கியது. ஆனால் அந்தக் குரலுக்குச் சொல் கொடுத்தவர்கள் ஒரு வரிசையாக இருந்தார்கள். நாகூரிலேயே புலவர் ஆபிதீன் இருந்தார், பிறகு நாகூர் சலீம் இருந்தார். சலீம் ஹனிபாவுக்கு மட்டுமல்ல, வேறு பாடகர்களுக்கும் எழுதிக் கொடுத்தவர். 2013இல் காலமானார்.

இனி பெருநாள் பாட்டுக்கு வருவோம். பெருநாள் காலை ரேடியோவைப் போட்டால் வருமே, "எல்லோரும் கொண்டாடுவோம்". அது 1961இல் வந்த பாவமன்னிப்பு படப் பாட்டு. பீம்சிங் இயக்கம், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. பாடியவர்கள் டி.எம். சௌந்தரராஜனும் ஹனிபாவும். படத்தில் சிவாஜி, பிறப்பால் இந்து, முஸ்லிம் பெரியவர் ஒருவரிடம் ரஹீமாக வளர்கிறவர். எழுதியவர் கண்ணதாசன். அதே வருடம்தான் அவர் தி.மு.க.வை விட்டு விலகினார். நாத்திகம் பேசிய மேடையிலிருந்து வந்த ஒருவர் எழுதிய வரிகளை நாங்கள் அறுபது வருடமாகப் பெருநாள் தொழுதுவிட்டு வந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது சந்தோஷமான விஷயம்தான்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. உண்மையில் அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1958இல் அன்னையின் ஆணை என்று ஒரு சிவாஜி படம். இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. அதில் தாயைத் தெய்வமாக வைத்து டி.எம்.எஸ். பாடும் பாட்டு ஒன்று உண்டு. முதல் வரியைச் சொன்னால் பாட்டிமாரும் சேர்ந்து பாடுவார்கள். தாயைப் பற்றி எந்த நிகழ்ச்சி வந்தாலும் அது இல்லாமல் முடியாது. ஸ்டாஃப் ரூமில் கேட்டுப் பார்த்தேன், எழுதியது யார் என்று. பலர் கண்ணதாசன் என்றார்கள். ஒருவர் பட்டுக்கோட்டையார் என்றார். ஒருவரும் கா.மு. ஷெரீப் என்று சொல்லவில்லை. இத்தனைக்கும் எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப்பேர் முஸ்லிம்கள்.

கா.மு. ஷெரீப் 1914இல் திருவாரூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். கண்ணதாசனுக்குப் பதின்மூன்று வயது மூத்தவர். காங்கிரஸ்காரர், காந்தி பக்தர், பிறகு ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தில் இருந்தவர். 1956இல் நான் பெற்ற செல்வம் படத்துக்கு எழுதினார். வாழ்ந்தாலும் தாழ்ந்தாலும் உலகம் வாயை மூடாது என்று சொல்கிற அந்தப் பாட்டை யாராவது நொந்து போயிருக்கும்போது இன்றைக்கும் முணுமுணுப்பார்கள். 1957இல் முதலாளி படம் வந்தது. ஏரிக்கரையில் போகிற பெண்ணைப் பார்த்துப் பாடும் பாட்டு அவருடையது. கே.வி. மகாதேவன் இசை. இரண்டையும் பாடியவர் டி.எம்.எஸ்.தான். பணம் பந்தியிலே என்ற படத்துக்குப் பெயராகவே ஆகிப்போன பாட்டும் ஷெரீபுடையது.

யோசித்துப் பாருங்கள். வயல்கரைக் காதல், தாய்ப்பாசம், காசில்லாதவனின் கவலை. இந்த மூன்றையும் ஒரு முஸ்லிம் கவிஞர் எழுத, மதுரைக்காரர் ஒருவர் பாட, தமிழ் பேசும் எல்லா வீடுகளும் தங்கள் பாட்டு என்று எடுத்துக்கொண்டன. அதே கை, உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு உரையும் எழுதியது. சீறாவை எங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் சில செய்யுள்களாகப் படிக்கிறார்கள். அதற்கு உரை எழுதியவரும் சினிமாப் பாட்டு எழுதியவரும் ஒரே ஆள் என்று நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. சினிமா என்றதும் ஒரு கூச்சம் வந்துவிடுகிறது எங்களுக்கு. அந்தக் கூச்சத்தில் ஒரு கவிஞரையே விட்டுவிட்டோம். அவர் 1994இல் காலமானார்.

இப்படி மறந்து போவதற்கு ஒரு காரணம் சினிமாப் பாட்டு உருவாகிற விதம். திரையில் நடிகர் வாயசைக்கிறார், பின்னால் பாடகர் பாடுகிறார், அதற்கும் பின்னால் இசையமைப்பாளர். எழுதியவர் நாலாவது ஆள். "சிவாஜி பாட்டு" என்றுதான் சனம் சொல்லும். பெயர் வெளியே தெரிந்த கவிஞர்கள் ஓரிரண்டு பேர்தான் என்பதால், ஆள் தெரியாத நல்ல பாட்டெல்லாம் அவர்கள் கணக்கிலே போய்ச் சேருகிறது. கண்ணதாசன் எவ்வளவோ எழுதினார், மற்றவருடையதைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லை. சேர்த்துவிடுவது நாங்கள்தான்.

ஒரு காலத்தில் எங்கள் நாட்டு வானொலி இந்த விஷயத்தில் ஒழுங்காக இருந்தது. படம், பாடியவர்கள், இசை, பாடலை இயற்றியவர் என்று அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்வதை வாப்பாவோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஷெரீபின் பெயரை முதலில் கேட்டதே அந்த ரேடியோப் பெட்டியில்தான். இப்போது போனில் பாட்டு வருகிறது. படத்தின் பெயர் வரும், நடிகரின் படம் வரும், சிலவேளை பாடகர் பெயர் வரும். அதோடு சரி. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் காதில் அந்தப் பெயர்கள் விழவே இல்லை.

சரி, அந்தப் பிள்ளையின் விஷயம். அதிபரோடு கதைத்து, அதற்கும் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தோம். காலைக் கூட்டத்தில் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தோம். பாடின பிள்ளைதான் முதலில் கை தட்டியது. ஆனால் இரண்டு வாரம் கழித்து, "இன்னொன்று எழுதித் தாங்களேன்" என்று கேட்டேன். "பாப்பம் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனது. இன்னும் தரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்த மாதம் ஆசிரியர் தின விழா. நிகழ்ச்சி நிரல் இந்த முறையும் என் கையில்தான். பாடல், பாடுபவர் என்ற இரண்டு நிரலுக்கு நடுவில் இன்னொரு கோடு போட்டு "எழுதியவர்" என்று சேர்த்திருக்கிறேன். ஆறு பாட்டில் நாலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மற்ற இரண்டும் பழைய காசட்டில் இருந்து பிள்ளைகள் கேட்டுப் பழகிய இஸ்லாமியப் பாட்டுகள். உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் கால இசைத்தட்டு உறையோ காசட் உறையோ இருந்தால், பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை.