மணியோசையில் பிறந்த பள்ளி
நம் கரையில் சிறுவர் ஞானோபதேச வகுப்பின் வரலாறு

யூபிலி கொண்டாடும் பங்குகளில் வரலாறு எழுத முற்படுவோர் முதலில் கோவிலைப் பற்றியே எழுதுவது வழக்கம். அடிக்கல் நாட்டிய நாள், கோவில் அர்ச்சிக்கப்பட்ட நாள், மணிக்கூண்டு எழுந்த ஆண்டு, பணியாற்றிய பங்குக் குருக்களின் வரிசை ஆகியவை மலரின் பக்கங்களை நிறைக்கும். இவை வேண்டியவையே. ஆனால் நம் கரையில் கற்கோவில்கள் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே, ஓலைக் கொட்டகையிலும் மர நிழலிலும் கடற்கரை மணலிலும் ஒரு பள்ளி நடந்து வந்தது. அதுவே சிறுவர் ஞானோபதேச வகுப்பு. ஏறத்தாழ 480 ஆண்டுகளாக நடந்து வரும் அப்பள்ளியின் கதையைப் பங்கு மக்கள் அறிந்திருப்பது நலம்.

மணியோடு வந்த ஆசிரியர்

1542-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் புனித பிரான்சிஸ் சவேரியார் கோவாவில் கரை இறங்கினார். அவர் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அங்கேயே தத்துவம் கற்பித்தவர். அத்தகைய பேராசிரியர் கோவாவின் தெருக்களில் கையில் ஒரு சிறு மணியை அசைத்துக்கொண்டு நடந்தார். ஓசை கேட்டு ஓடி வந்த சிறுவர்களையும் அடிமைகளையும் கோவிலுக்கு அழைத்துச் சென்று செபம் கற்பித்தார்.

அவ்வாண்டு இறுதிக்குள் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கோவாவில் படித்த, இக்கரையிலேயே பிறந்த குருமட மாணவர் மூவர் உடன் வந்தனர். கரையோரத்துப் பரதவ மக்கள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1535 முதல் 1537 வரை, ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். எனினும் அவர்களுக்குக் கற்பிக்க ஆளில்லை. நீங்கள் எதை விசுவசிக்கிறீர்கள் என்று கேட்டால், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களால் பதில் சொல்ல இயலவில்லை. குருவானவருக்கோ தமிழ் தெரியாது. மக்களுக்குப் போர்த்துக்கீசிய மொழி தெரியாது.

இந்நிலையில் சவேரியார் செய்ததை அவரே 1544 ஜனவரி 15-ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய மடலில் விவரித்துள்ளார். இரு மொழியும் அறிந்த சிலரை ஒன்று கூட்டினார். பல நாள் உழைத்து சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்களவார்த்தை செபம் முதலியவற்றைத் தமிழில் ஆக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நாளுக்கு இருமுறை வகுப்பு நடந்தது. ஒரு மாதத்தில் சிறுவர்கள் செபங்களைக் கற்றுக்கொண்டனர்.

பிள்ளைகளே ஆசிரியர்களான விதம்

சவேரியார் பிள்ளைகளிடம் ஒரு கடமையை ஒப்படைத்தார். இங்கே கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும், அயலாருக்கும் நீங்களே கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே அது. மாலையில் மகன் சொல்லத் தந்தை திருப்பிச் சொன்னார். பேத்தி சொல்லப் பாட்டி திருப்பிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஊரார் அனைவரும் கூடும்போது பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்ட செபத்தையே ஒரே குரலில் சொல்லலாயினர்.

நோயாளிகள் பல வீடுகளிலிருந்தும் ஆள் அனுப்பி அவரை அழைத்தார்கள். எல்லா இடத்துக்கும் ஒருவராகச் செல்ல இயலாது. ஆகவே செபம் நன்கறிந்த சிறுவர்களை அவ்வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் கூட்டி, நோயாளியின் அருகே நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிச் செபித்தனர். கற்பிக்கும் வேலையும் தடைபடவில்லை; நோயாளியும் கைவிடப்படவில்லை. பிள்ளைகள் தம்மைத் திருப்புகழ்மாலை சொல்லவோ உண்ணவோ உறங்கவோ விடாமல், இன்னொரு செபம் சொல்லித் தாருங்கள் என்று சூழ்ந்துகொள்வதாக அவர் எழுதிய செய்தி, அந்நாளைய நம் சிறுவர்களின் ஆவலைக் காட்டுகிறது.

ஒரு சொல்லின் கதை

சவேரியாரின் முதல் மொழிபெயர்ப்பு குறையற்றதாக இருக்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தின் தொடக்கத்தில் "விசுவசிக்கிறேன்" என்று வர வேண்டிய இடத்தில், "வேணும்" என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர்கள் இட்டுவிட்டனர். பிள்ளைகள் சர்வேசுரனை விசுவசிக்கிறோம் என்று சொல்வதற்குப் பதிலாக, வேண்டும் என்று சொல்லி வந்தனர். இதை அறிந்ததும் 1544-இல் அவர் தம் துணைவர் பிரான்சிஸ்கோ மன்சில்லாஸுக்கு மடல் எழுதி, "வேணும்" என்பதை நீக்கி "விசுவாசம்" என்ற சொல்லை இடுமாறு பணித்தார். இன்று நாம் திருப்பலியில் சொல்லும் "விசுவசிக்கிறேன்" என்ற சொல்லுக்குப் பின்னே இத்தகைய வரலாறு உண்டு.

பின்னர் 1549-இல் ஜப்பான் சென்றபோதும் இதுவே நேர்ந்தது. அங்கு கடவுளைக் குறிக்க "தைனிச்சி" என்ற சொல்லை முதலில் கையாண்டார். அது புத்த சமயத்தாரின் வழிபாட்டுப் பெயர் என்று தெரிந்ததும் அதை விலக்கினார். பிற மொழியினரின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் புறப்படும் எவரும் முதலில் அம்மக்களின் மொழிக்கு மாணவராக வேண்டும் என்ற பாடத்தை அவர் நம் கரையிலேயே கற்றுக்கொண்டார்.

குமரிக்கரையில்

1544 ஜூன் மாதம் வடுகர் படை குமரிமுனைப் பகுதிக் கிறிஸ்தவர்களைத் தாக்கியது. மக்கள் கடலில் உள்ள பாறைகளில் தஞ்சம் புகுந்து பசியாலும் தாகத்தாலும் வாடினர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிப் புறப்பட்டார். எதிர்காற்று திருப்பி அனுப்பியது. பின்னர் தரை வழியே வந்து அவர்களுக்கு ஆறுதல் சொன்னார். இத்துன்ப நாட்களில் மன்சில்லாஸுக்கு எழுதிய மடல்களிலும், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை விட்டுவிடாதீர் என்று திரும்பத் திரும்ப நினைவூட்டினார்.

அவ்வாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவ மக்களிடையே பணியாற்றினார். ஒரு மாதத்தில் 10,000-க்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரி 27-ஆம் நாள் மடலில் எழுதினார். தூத்தூர், இனயம், குளச்சல், கடியபட்டணம், முட்டம், பள்ளம் முதலிய நம் ஊர்கள் அவ்வரலாற்றில் இடம் பெறுகின்றன. ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரை எழுதிக் கொடுத்தார். ஊரை விட்டுப் போகுமுன் செபங்களின் எழுத்துப் பிரதியை அங்கே விட்டு, காலையும் மாலையும் அவற்றைச் சொல்லுமாறு பணித்தார்.

கணக்கப்பிள்ளையும் உபதேசியாரும்

குருவானவர் அடுத்த ஊருக்குச் சென்றபின் வகுப்பு நின்றுவிடக் கூடாதல்லவா? ஆகவே ஊர்தோறும் கணக்கப்பிள்ளை ஒருவரை நியமித்தார். பிள்ளைகளைக் கூட்டிச் செபம் கற்பிப்பதும், ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவருடைய பொறுப்பு. இவர்களுக்குக் கூலி கொடுக்க ஆண்டுக்கு 4,000 பணம் ஒதுக்கப்பட்டது. அது போர்த்துக்கல் இராணி கத்தரீனாளின் மிதியடிச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணம். மோட்சத்தின் படியேறுவதற்கு இப்பிள்ளைகளின் செபத்தைவிட நல்ல மிதியடி இராணிக்குக் கிடைக்காது என்று சவேரியார் சொன்னதாக வழங்கி வருகிறது.

குருக்கள் அரிதாயிருந்த காலங்களில் விசுவாசம் அணையாமல் காத்தவர்கள் இந்தக் கணக்கப்பிள்ளைகளும், அவர்கள் வழிவந்த உபதேசியார்களுமே. தலைமுறை தலைமுறையாக அவர்கள் மாலை வேளையில் பிள்ளைகளை முன்னிருத்திச் செபம் சொல்லிக் கொடுத்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

நாஞ்சில் நாட்டின் புனித தேவசகாயம் 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெறுமுன், ஒரு மாணவராக அமர்ந்து ஞானோபதேசம் கற்றவர். 1752-இல் ஆரல்வாய்மொழியில் உயிர் கொடுத்த அவர், 2022 மே 15-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். அரசவையில் அலுவல் பார்த்த அவரும் ஞானஸ்நானத்திற்கு முன் செபங்களைக் கற்றே ஆகவேண்டியிருந்தது.

வகுப்புக்குக் கிடைத்த நூல்

மனப்பாடத்தால் நடந்த வகுப்புக்கு நூல் கொடுத்தவர் அன்றீக்கு அடிகளார். 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், தமிழை இலக்கணத்தோடு கற்று, 1600-இல் இறக்கும் வரை இக்கரை மக்களுக்காக உழைத்தார். அவருடைய "தம்பிரான் வணக்கம்" 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. அது 16 பக்கமே உள்ள சிறு செப நூல். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அடுத்த ஆண்டு கொச்சியில் "கிரிசித்தியானி வணக்கம்" வெளிவந்தது. அது ஆசிரியர் கேட்க மாணவர் விடை சொல்லும் முறையில் அமைந்தது. நம் பெரியோர் படித்த சின்னக் குறிப்பிடத்தின் கேள்வி பதில் முறை அந்த வழியில் வந்ததே.

தமிழுக்கு அச்சுக்கலை வந்தது அரசர்களின் புகழ் பாடுவதற்காக அல்ல, மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் செபம் கற்பதற்காக என்பதை நினைத்து நாம் பெருமை கொள்ளலாம்.

தீவுகளுக்குச் சென்ற முறை

1545-இல் சவேரியார் மலாக்காவுக்கும், அடுத்த ஆண்டு மொலுக்காஸ் தீவுகளுக்கும் சென்றார். அங்கும் அம்மக்கள் அறிந்த மொழியில் செபங்களை ஆக்கி, பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். தெர்னாத்தே தீவில் தெருவில் சிறுவரும், வீட்டில் பெண்களும், வயலில் உழவரும், கடலில் மீனவரும் விசுவாசப் பிரமாணத்தைப் பாடி வந்ததாக மகிழ்ந்து எழுதினார். நம் கரையின் மணலில் பழகிய முறை பல தீவுகளின் கரையில் பலன் கொடுத்தது. 1548-இல் இக்கரைக்குத் திரும்பி வந்தபோது, இங்கு பணியாற்றிய குருக்களுக்கு எழுதிக் கொடுத்த அறிவுரையிலும் குழந்தைகளின் ஞானஸ்நானத்துக்கும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கும் முதலிடம் கொடுத்தார். 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனாவின் வாசலில், சான்சியன் தீவில் இறந்தார். அந்நாளைத்தான் கோட்டாற்றில் பெருவிழாவாகக் கொண்டாடுகிறோம்.

இன்று நம் ஊர்களில் பிறந்தவர்கள் குருக்களாகவும் கன்னியராகவும் வடநாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் பிறமொழிப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கின்றனர். ஒருகாலத்தில் நமக்கு வந்த கொடையை அவர்கள் பிறருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

யூபிலி நம்மிடம் கேட்பது

அன்பார்ந்த பங்கு மக்களே, இவ்வளவு பழமையான இப்பள்ளி இன்று எப்படி இருக்கிறது? ஞாயிறு காலையில் டியூஷன் என்றால் பிள்ளையை அங்கே அனுப்புகிறோம். புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் பெயர் கொடுக்கும் வரை வகுப்புக்கு வரும் பிள்ளை, அதன்பின் வருவதில்லை. கற்பிக்கும் இளம் பெண்களும் இளைஞர்களும் கைம்மாறு கருதாமல் வாரந்தோறும் வருகிறார்கள். அவர்களுடைய பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது.

சவேரியார் காலத்தில் பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்கப் பெற்றோர் உட்கார்ந்திருந்தனர். அதனால்தான் ஒரு மாதத்தில் ஓர் ஊர் செபம் கற்றது. இன்று பிள்ளை கற்று வந்ததைக் கேட்பாரில்லை என்றால், எத்தனை புத்தகம் அச்சிட்டும் பயன் குறைவே. ஞாயிறன்று மதிய உணவுக்குப் பின் கால் மணி நேரம், இன்று என்ன படித்தாய் என்று கேட்டு, பிள்ளை சொல்வதைப் பெற்றோர் திருப்பிச் சொன்னால் போதும். பழைய வழக்கம் மீண்டும் உயிர் பெறும்.

விழாவுக்குக் கோபுரத்துக்கு வண்ணம் பூசுவோம்; கொடிமரத்தை அலங்கரிப்போம். அத்தோடு மறைக்கல்வி வகுப்புக்கு நல்ல அறையும், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உரிய மரியாதையும் கிடைக்க இந்த யூபிலி ஆண்டிலேயே ஆவன செய்வோமாக. சின்னஞ்சிறு பிள்ளைகளின் வாய்வழியே நம் முன்னோரைத் தேடி வந்த ஆண்டவர், அவர்கள் வாய்வழியே நம்மையும் நம் குடும்பங்களையும் காத்தருள்வாராக.